அமானிதச் சட்டை

யுத்தம் முடிந்தது, நன்றி சொல்லும் காலம் தொடங்கியது. எந்த நாளில் சொல்ல வேண்டும், எந்த மைதானத்தில் கூட வேண்டும், எந்தெந்த வீட்டில் கொடி பறக்க வேண்டும் என்பதெல்லாம் மேலேயிருந்தே தீர்மானமாகி வந்துவிட்டதால் கல்முனைக்குடிச் சனங்களுக்கு யோசிக்கிற கரைச்சல் மிச்சம். கொடி விற்றவன் பாடுதான் கொண்டாட்டம். சுஹறாவின் புருஷன் முனாப் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்து, கேற்றில் ஒன்றும் நெல் ஸ்டோர் முகட்டில் ஒன்றும் கட்டினான்.

"ஒண்டு காணாதா?" என்று சுஹறா கேட்டாள்.

"ஒண்டு காத்துல பிய்ஞ்சு போச்செண்டு வை. வேணுமெண்டு கழட்டினான் எண்டுதான் நினைப்பானுகள்."

அம்பாறைப் பக்கத்து மில்காரர்களோடு நெல் யாவாரம் செய்து செய்து முனாபுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. போதாதா? பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார், படையினருக்கு நன்றி தெரிவிக்கும் கூட்டத்தில் தமிழைச் சிங்களமாக்கிச் சொல்லும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார். பெரிய ஆமி அதிகாரி வருவார், ஒரு சொல் அங்கே இங்கே பிசகினால் யார் பதில் சொல்வது என்று முனாப் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் முணுமுணுத்தான்.

சுஹறாவின் பயம் வேறு. அவளுடைய பெட்டகத்துக்குள், பெருநாள் சாரிகளுக்கு அடியில், ஒரு தலையணை உறைக்குள் ஆமிக்காரன் ஒருவனின் சட்டை இருந்தது. சுனாமி அடித்த நாளிலிருந்து இருந்தது. முனாபுக்குத் தெரியாது. அல்லாஹ்வையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனாப் மகள் அம்ஹாவையும் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தான். கடல் வந்து சுஹறாவை வீட்டுக்குள்ளிருந்து வாரிக்கொண்டு போய், எவருடையதோ ஒரு மதிலில் மோதிப் போட்டது. கண் திறந்தபோது உயிர் இருந்தது. உடம்பில் ஒரு முழத் துணி இருக்கவில்லை. மௌத்தாகியிருக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போதுதான் கடற்கரை வீதிச் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரன் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் வந்தான். புருவத்தில் வெட்டுக்காயம் ஆறிய தழும்பு இருந்தது. அவளைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பி நின்றபடியே தன் சட்டையைக் கழற்றி, கையைப் பின்னால் நீட்டினான். அவள் போட்டு முடிக்கும் வரை அந்த முதுகு அசையவில்லை. பிறகு பள்ளிவாசல் மேல்மாடிப் பக்கம் கையைக் காட்டினான். கடல் பக்கமிருந்து ஒரு பிள்ளை கத்தியது. வெறும் மேலோடு அவன் கடலை நோக்கி ஓடினான். அவள் மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது அடுத்த அலை வந்தது.

மாடியில் கிடந்த தொழுகை விரிப்பை மேலே போர்த்திக்கொண்டாள், சட்டையை ஒருவரும் காணவில்லை. 'யாரோ பொண்டுகள் உடுப்புத் தந்தாங்க' என்றுதான் அவள் முனாபிடம் சொன்னாள். எந்தப் புருஷனிடம் மற்றதைச் சொல்வது?

எரித்திருக்கலாம்தான். யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் ஆமி உடுப்பு ஒரு வீட்டில் பிடிபட்டால் புலிக்குக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறாய் என்று புருஷனையல்லவா ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆமி ஊரை வளைத்து வீடு வீடாகத் தேடிய ஒவ்வொரு றவுண்டப்புக்கும் அவள் அதைத் தன் அபாயாவுக்குள் போட்டுக்கொண்டு, வியர்த்து ஒழுக ஒழுக வாசலில் நின்றிருக்கிறாள். ஆனால் அது அவளுடைய பொருள் இல்லையே. ஒருவன் அவள் மானத்தை மூடத் தந்த பொருள், அமானிதம். அமானிதத்தை உரியவன் கையில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை மறுமையில் கேள்வி இருக்கிறது. அவன் உயிரோடு இருப்பான் என்றே நம்பினாள். எந்தச் சென்றியைக் கடந்தாலும் புருவத்தில் தழும்புள்ள முகத்தைத் தேடினாள். ஆமிக்காரனை ஏன் இப்படி முறைச்சுப் பாக்கிற என்று முனாப் பலதடவை ஏசியிருக்கிறான்.

கூட்டத்துக்கு முதல்நாள் காலையில் பக்கத்து வீட்டு றுகையா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"சுஹறா ராத்தா, கேற்றப் பூட்டுங்க. சீஐடி ஒண்டு இறங்கி இரிக்கி. பொம்பிளை."

"ஆரு சென்ன?"

"ஆரு செல்லணும்? சிங்களத்தி. கையில போட்டோ. வீடு வீடாப் போய் இவனத் தெரியுமா எண்டு கேக்கிறாளாம். கூட்டத்துக்கு முதல்நாள் எதுக்குகா வாறாள்? ஆரு வாய் விடுறான் எண்டு பாக்கத்தான். பாக்காமலே தெரியா எண்டு செல்லி அனுப்பிருங்க."

சுஹறா கேற்றைப் பூட்டுவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். மெலிந்த உருவம், வெள்ளைச் சாரி, வெயிலில் கறுத்த முகம். படத்தைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பிடித்திருந்தாள்.

"நோனா, இந்தப் பொடியன் கண்டிரிக்கா?"

பார்க்காமலே சொல்லத்தான் சுஹறா வாயைத் திறந்தாள். கண் கேட்கவில்லை. படத்தில் இளம் பொடியன் ஒருவன் சீருடையோடு நின்றான். புருவத்தில் அந்தத் தழும்பு.

"தெரியா" என்றாள்.

"நோனா கன நேரம் பாத்தது."

"தெரியா எண்டு செல்றன்தானே."

சுஹறா கேற்றைப் பூட்டினாள், அந்தப் பெண் போகவில்லை. கேற்றுக்கு வெளியே மதில் நிழலில் குந்திக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கேட்டவளை எப்படி விரட்டுவது? சுஹறா கொண்டுவந்து கேற்றுக்கு மேலால் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும், போகாமல் நின்றாள்.

அவள் பெயர் சோமலதா. அம்பாறைக்கு அங்கால் ஒரு குடியேற்றக் கிராமம். ஒரு காலத்தில் கல்முனைச் சந்தைக்குத் தயிர்ச்சட்டி கொண்டுவந்து விற்றவளாம். அதில் பழகிய தமிழ். படத்தில் இருப்பவன் அவள் மகன் பியந்த. சுனாமியோடு காணாமல் போனான். சென்றியில் நின்ற மற்றப் பொடியன்களின் உடல்கள் கிடைத்தன, அவனுடையது கிடைக்கவில்லை. ஓடிவிட்டான் என்று முகாமில் முடிவு கட்டினார்களாம்.

"என்ட வீடும் றவுண்டப் பண்ணினது, நோனா. மகன் எங்க ஒளிச்சு வெச்சது எண்டு கேட்டுக் கட்டிலும் புரட்டினது. இப்ப ஊருச் சந்தியில கல்லு வைக்கிறது, செத்த பொடியன்மார்ட பேர் எல்லாம் வெட்டுறது. என்ட மகன்ட பேர் இல்ல. ஓடினவன்ட அம்மா எண்டு கடையில சாமான் தரவும் யோசிக்கிறது. வாற பௌர்ணமிப் போயாவுக்குக் கல்லுத் திறந்தா மறுகா ஒண்டும் செய்ய ஏலா."

சுஹறாவுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சீஐடிக்குக் கதை கட்டத் தெரியாதா? கண்ணீர் விடத் தெரியாதா? இவள் தாய்தானா, இல்லை யாரோ அனுப்பிய ஆளா? அறிய ஒரு வழிதான் அவளுக்குத் தோன்றியது. கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்கிட மகன்ட சட்டையில என்ன அடையாளம் இரிக்கி?"

சோமலதா தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் சட்டை பத்திக் கதைக்க இல்லியே, நோனா."

சுஹறாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இப்போது சந்தேகப்படுவது சோமலதாவின் முறை. அவள் எழுந்து கேற்றுக் கம்பியைப் பிடித்தாள்.

"காலர் உள்ளுக்கு நூல் இரிக்கி. வெள்ளை நூல், மூணு முடிச்சு. பன்சலையில புத்த சாது பிரித் ஓதிக் காவலுக்குத் தந்த நூல். கையில கட்ட முகாமில விடாது எண்டு நான் காலருக்குள்ள வெச்சுத் தைச்சது. தைச்ச கை இது." வலது கையை விரித்துக் காட்டினாள். "நோனாகிட்ட இரிக்கா?"

அந்த நூலைச் சுஹறாவுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சட்டையைக் கழுவி, அறைக்குள் கொடி கட்டிக் காயவைக்கும்போது விரலில் தட்டுப்படும். ஏதாவது சூனியமாக இருக்குமோ, வெட்டிவிடுவோமா என்று நினைப்பாள். அமானிதத்தில் கைவைக்கக் கூடாதென்று விட்டுவிடுவாள். அந்த முடிச்சுகளைப் போட்ட கை இப்போது கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. சுஹறா பூட்டைத் திறந்தாள்.

உள்ளே அறையில் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சோமலதா வெகுநேரம் இருந்தாள். நடந்ததைச் சுஹறா சொன்னாள், ஒன்றும் மறைக்கவில்லை. அவன் தாயிடம் சொல்வதற்கு வெட்கம் வரவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எழும்பிப் போகும்போது சோமலதா சட்டையைத் திருப்பி நீட்டினாள்.

"எடுத்துப் போங்க. ஒங்கிட சாமான்தானே."

"நான் கொண்டு போனா, பாத்தியா, ஒளிச்சு வெச்சிரிந்தது எண்டுதான் செல்றது. சட்டைக்கு வாய் இல்ல, நோனா. கண்ட ஆள் செல்லணும். நோனா செல்லணும்."

பகல் சாப்பாட்டுக்கு வந்த முனாபிடம் சுஹறா எல்லாவற்றையும் சொன்னாள். சட்டையையும் காட்டினாள். அவன் முதலில் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினான்.

"எத்தனை றவுண்டப் வந்திச்சி. நான் முன்னுக்கு நிண்டு ஒண்டுமில்ல சேர், பாருங்க சேர் எண்டு செல்லிக்கிட்டிரிந்தன். நீ அத உடம்புல போட்டுக்கிட்டு நிண்டிரிக்காய்." அவன் குரல் இறங்கியது. "அவன் வரக்குள்ள உன்ட மேலுல..."

"ஒண்டும் இல்ல."

"ஒண்டுமா?"

"ஒண்டும் இல்ல. அவன் திரும்பி நிண்டான்."

முனாப் கையைக் கழுவினான். பாதிச் சோறு கோப்பையில் கிடந்தது. "அடுப்புல போடு" என்றான் வாசலில் நின்று. "அந்தப் பொம்பிளைக்கு அல்லா ஒரு வழி காட்டுவான். எரிச்சிடு."

சுஹறா அதை எரிக்கவில்லை. தண்ணீர் தெளித்து, மேசையில் விரித்து, இஸ்திரிக்கை போட்டாள். முனாப் திரும்பி வந்தபோது சூடான துணியின் வாசம் வீடு முழுக்க நின்றது. அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானம் நிரம்பி வழிந்தது. வராதவன் பெயரை யாராவது கவனிப்பார்களோ என்ற பயத்தில் காய்ச்சல்காரர்கள்கூட வந்திருந்தார்கள். பாற்சோறு பங்கிட்டார்கள். அப்துல் ஸமட் ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்து, தாய் மண்ணின் தவப்புதல்வர்களே என்று தொடங்கி, முடிக்க மனமில்லாமல் நீட்டினார். முனாப் பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னான். அதிகாரி தலையை ஆட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கைதட்டல் வெகுநேரம் நீண்டது.

முதல்நாள் சொல்லிவைத்தபடி, பெண்கள் பந்தலில் சுஹறாவுக்குப் பக்கத்தில் சோமலதா இருந்தாள். ஹாஜியார் பேச்சை முடித்துக் கதிரையில் இருந்ததும் சுஹறா எழும்பினாள்.

"எங்ககா போறீங்க?" றுகையா அவள் அபாயாவைப் பிடித்து இழுத்தாள். "ராத்தா, ஒங்களுக்கு விசரா? இருங்க."

சுஹறா கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். சோமலதா பின்னால் வந்தாள். மேடைக்குக் கிட்டப்போய் அபாயாவுக்குள்ளிருந்து சட்டையை எடுத்ததும் இரண்டு ஆமிக்காரர்கள் துவக்கோடு முன்னால் பாய்ந்து வந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் சிலர் எழும்பி நின்றார்கள். அப்துல் ஸமட் ஹாஜியார் எழும்பி, "என்ன புள்ள இது, என்ன வேலை இது" என்று தடுமாறினார். அதிகாரி கையை உயர்த்தித் தன் ஆட்களை நிறுத்தினார். முனாபைப் பார்த்தார்.

முனாப் ஒலிவாங்கியை விட்டு ஒரு அடி பின்வாங்கினான்.

சுஹறா சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"சேர், இது இந்தத் தாய்ட மகன்ட சட்டை. சுனாமி அண்டைக்கு என்ட மேலுல ஒரு துணியும் இல்ல. அவன் மறுபக்கம் திரும்பி நிண்டு இதக் கழட்டித் தந்தான். மறுகா புள்ள ஒண்டு கத்தின சத்தம் கேட்டுக் கடல் பக்கம் போனான். ஓட இல்ல. கடலுக்குத்தான் போனான், நான் கண்ட. அவனுக்கு நன்றி செல்லத்தான் இந்தச் சட்டைய வெச்சிரிந்த. அவனக் கண்டுபிடிக்க ஏலாமப் போயிட்டு."

முனாப் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தான். சிங்களத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னான். அதிகாரியின் முகம் மலர்ந்தது. பரிசு வாங்குகிற மனிதரைப் போல் புன்னகைத்து, நல்லது நல்லது என்று தலையாட்டினார். சுஹறா அந்தப் புன்னகையைப் பார்த்தாள். இப்படியொரு கதையைக் கேட்ட மனிதன் புன்னகைப்பானா?

சோமலதா அவள் காதோடு சொன்னாள். "நோனா, முதலாளி வேற கதை செல்லுது. கடற்கரையில கிடந்து எடுத்தது எண்டு செல்லுது."

சுஹறா தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அம்ஹாட வாப்பா, நான் செல்லினத அப்பிடியே செல்லுங்க."

அவன் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். "ஊர் முழுக்க நிக்கிது புள்ள." கெஞ்சினான், அவன் கண் கலங்கியிருந்தது.

"நிக்கட்டும். அண்டைக்கு ஊர் நிக்க இல்ல. அவன்தான் நிண்டான்."

முனாப் கையை எடுத்தான். மைதானத்தைப் பார்த்தான். தினமும் தொழுகையில் தோளோடு தோள் நிற்கிற ஆண்கள் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடியும் தொடங்கினான். இந்த முறை நீளமாகச் சொன்னான். மறுபக்கம் திரும்பி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் காட்டினான். 'முஹுத' என்ற சொல் சுஹறாவுக்குத் தெரியும், கடல். அதைச் சொல்லும்போது அவன் கை கடல் பக்கம் நீண்டது.

அதிகாரியின் புன்னகை போயிருந்தது. சோமலதா வாயில் சாரித் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். சுஹறா சட்டையை அவள் இரண்டு கையிலும் வைத்தாள். வைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அதிகாரி கீழே இறங்கி வந்தார். முனாபைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். முனாப் அதைத் தமிழில் சொல்லவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. தானே பதில் சொன்னான். அதிகாரி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சட்டைக்காகக் கையை நீட்டினார். சோமலதா விடவில்லை.

முனாப் முந்திக்கொண்டான். சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஊருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னான். "அது அமானிதம், சேர். உரிய ஆளுட கைக்குப் போயிட்டு. இனி அவகிட்டத்தான் கேக்கணும்."

அதிகாரி கையை மடக்கிக்கொண்டார். சோமலதா காலரைப் பிரித்து உள்ளே இருந்த முடிச்சு நூலைக் காட்டினாள், அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். சோமலதாவிடம் ஏதோ தணிவாகப் பேசினார். சுஹறா திங்கட்கிழமை முகாமுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று முனாபிடம் சொன்னார். முகாம் என்ற சொல் விழுந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்துல் ஸமட் ஹாஜியார் ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

சோமலதாவை அம்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவரும் அவர்களோடு கூட நடக்கவில்லை. றுகையா குறுக்கு ஒழுங்கையால் போய்விட்டாள். முனாப் முன்னாலும் சுஹறா பின்னாலுமாக நடந்தார்கள். சந்தி திரும்பியதும் அவன் நின்று, அவள் பக்கத்தில் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கள் நானும் வாறன்" என்றான்.

சுஹறா தலையாட்டினாள். கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டாள். "அவன் ஒங்கக்கிட்ட என்ன கேட்ட?"

"இத்தனை வருஷமா இந்தச் சட்டை வீட்டுல இரிந்தது புருஷனுக்குத் தெரியுமா எண்டு கேட்டான்."

"நீங்க என்ன சென்ன?"

முனாப் கேற்றைத் திறந்து, அவளை முதலில் உள்ளே விட்டான்.

"தெரியும் எண்டு சென்ன."